படுத்துச் சறுக்கும் பலகைக்கும் வடிவமைப்பு உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அலைச்சறுக்கு குறித்து வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். நின்றபடி சறுக்குவதைப் பற்றிய பகுதிகள் செம்மையாக எழுதப்பட்டிருந்தன. ஆனால், குப்புறப் படுத்தபடியே அலையில் செல்லப் பயன்படும் பெல்லிபோர்டைப் பற்றி அதில் இடம்பெற்ற இரண்டு வரிகளை அப்படியே விட்டுவிட மனம் ஒப்பவில்லை. அது நின்று சறுக்கக் கற்கும் வரை சிறுவர்கள் வைத்துக்கொள்ளும் தொடக்கநிலைச் சாதனம் என்றும், பிளைவுட் துண்டு ஒன்றின் முனையை வட்டமாக அறுத்துவிட்டால் பலகை தயார் என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். இத்தகைய பலகைகளைப் பல ஆண்டுகளாகச் செய்தும் பயன்படுத்தியும் வருபவன் என்ற முறையில், இவ்விரு கருத்துகளும் தவறானவை என்பதைக் காரணங்களோடு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

கேப்டன் ஜேம்ஸ் குக்கின் மூன்றாவது கடற்பயணத்தில் உடன் சென்ற லெப்டினன்ட் ஜேம்ஸ் கிங், 1779-ஆம் ஆண்டில் ஹவாயின் கியாலகேகுவா விரிகுடாவில் தாம் கண்ட அலைச்சறுக்கை எழுதி வைத்திருக்கிறார். அந்த விவரிப்பில் வருபவர்கள் ஏறத்தாழத் தம் உடலளவே உள்ள நீள்வட்டப் பலகையில் குப்புறப் படுத்து, கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, கைகளால் பலகையைத் திசைதிருப்பிச் செல்கிறார்கள். ஆக, அலைச்சறுக்கைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துப் பதிவுகளில் ஒன்றே படுத்துச் சறுக்குவதைத்தான் பேசுகிறது. ஹவாய் மக்கள் பைப்போ என்று அழைத்த குட்டைப் பலகைகள் அந்த மரபைச் சேர்ந்தவை. அவர்கள் அலைச்சறுக்குப் பலகைகளுக்குக் கோவா என்னும் உள்ளூர் மரத்தையும், ஈரப்பலாவையும், நம் கல்யாண முருங்கையின் பேரினத்தைச் சேர்ந்த விலிவிலி மரத்தையும் பயன்படுத்தினார்கள். குக்குயி என்னும் மரத்தின் கொட்டையிலிருந்து எடுத்த எண்ணெயைப் பூசி மரத்தைக் காத்தார்கள்.

இருபதாம் நூற்றாண்டிலும் இது சிறுவர்களுக்கு மட்டுமான பொருளாக இருக்கவில்லை. 1937-இல் ஹவாயின் வைகிகி கடற்கரையில் நீண்ட பலகைகளின் வால்பகுதியைச் செதுக்கிக் குறுக்கி 'ஹாட் கர்ல்' என்னும் புதிய வடிவத்துக்கு வழிவகுத்த இளைஞர்களில் ஒருவரான வாலி ஃப்ரோய்செத், பைப்போ பலகைகளைச் செய்வதிலும் தேர்ந்தவர். மண்டியிட்டும் காற்றடைத்த மெத்தையில் படுத்தும் அலைகளில் சென்ற ஜார்ஜ் கிரீனோ, மீன்களின் துடுப்பைப் பார்த்து உருவாக்கிய வளையும் துடுப்பு, 1966-ஆம் ஆண்டின் உலகப் போட்டியை வென்ற நாட் யங்கின் பலகையில் பொருத்தப்பட்டிருந்தது. நிற்காமல் சறுக்கியவர்களிடமிருந்து நின்று சறுக்குபவர்கள் கற்றுக்கொண்டார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. இந்த ஆட்களையும் இந்த ஆண்டுகளையும் அறிந்த எவரும் பெல்லிபோர்டை 'ஏணியின் முதற்படி' என்று எழுத மாட்டார்கள்.

1971-இல் ஹவாயின் பெரிய தீவில் டாம் மோரி செய்த பலகையையும் இங்கே குறிப்பிட வேண்டும். கணிதம் படித்து விமான நிறுவனத்தில் பணியாற்றியவரான அவர், கையிலிருந்த பாலிஎதிலீன் நுரைப்பலகையை வெட்டி, அதன் மேல் செய்தித்தாளை விரித்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து உருவம் கொடுத்தார். பூகி போர்டு என்ற பெயரில் உலகெங்கும் பரவிய மென்மையான பாடிபோர்டு இப்படிப் பிறந்ததுதான். மோதினால் காயம் குறைவு, விலை குறைவு, யாரும் உடனே ஏறிப் படுக்கலாம் என்பதால் அது லட்சக்கணக்கானோரைக் கடலுக்கு அழைத்து வந்தது. அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆயினும் கடையில் வாங்கும் நுரைப்பலகை எங்கும் நிறைந்தபின், பலகையைத் தானே வடிவமைக்கலாம் என்ற எண்ணமே பலருக்கும் மறந்துபோயிற்று. கட்டுரையாளரின் இரண்டு வரிகளுக்கும் அந்த மறதிதான் காரணம் என்று கருதுகிறேன்.

இனி வடிவமைப்புக்கு வருகிறேன். பெல்லிபோர்டு என்பது நின்று சறுக்கும் பலகையைச் சுருக்கியது அல்ல. நிற்பவரின் எடை பலகைக்கு மேலே உயரத்தில் இருக்கிறது. அவர் கால் ஊன்றுவதற்கு இடமும், தடுமாறாதிருக்க நீளமும் அகலமும் வேண்டும். படுத்திருப்பவரின் எடையோ பலகையை ஒட்டியே பரவியிருக்கிறது. அவர் கவிழ்வது அரிது. ஆகவே பலகை அவரைத் தாங்கும் மேடையாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அது செய்ய வேண்டிய வேலை வேறு: நீரின் மேல் எழுந்து வழுக்குவதற்கான பரப்பைக் கொடுப்பதும், அலையின் சரிவில் பக்கவாட்டாக நழுவிவிடாமல் பிடித்துக்கொள்வதும்தான். இந்த வேறுபாட்டை உணராமல் பெரிய பலகையின் படத்தைச் சிறிதாக்கி அறுத்தால், கிடைப்பது இரண்டுக்கும் உதவாத பலகை.

நீளத்தை உடலே முடிவு செய்கிறது. தரையில் அட்டையை விரித்து, குப்புறப் படுத்து, முழங்கைகளை மடக்கி, முன்விளிம்பைக் கைகளால் பற்றிக்கொள்ளுங்கள். அந்நிலையில் பலகையின் வால் இடுப்புக்கும் தொடையின் நடுப்பகுதிக்கும் இடையில் எங்கேனும் முடிய வேண்டும். அதைத் தாண்டி முழங்காலை நோக்கி நீண்டால் கால்களை உதைக்க இயலாது. உதைப்பதோ இங்கே இன்றியமையாதது. ஒரு மீட்டர் உயர அலை ஏறத்தாழ 1.3 மீட்டர் ஆழத்தில் உடைகிறது. அவ்வளவு ஆழத்தில் அதன் வேகம் நொடிக்குச் சுமார் மூன்றரை மீட்டர். சாதாரணமாக நீந்துபவரின் வேகம் நொடிக்கு ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும். அந்த இடைவெளியைக் குறைக்கக் காலில் மாட்டும் ரப்பர் துடுப்புகளும், தடையின்றி உதைக்கும் தொடைகளும் தேவை. பெரியவர்களுக்கான பலகை பெரும்பாலும் 100 முதல் 125 சென்டிமீட்டருக்குள் அமைவதற்குக் காரணம் இதுவே.

அகலத்தில் இரு வேறு மரபுகள் இருக்கின்றன. இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் பயன்பட்டுவந்த பழைய பிளைவுட் பலகைகள் சுமார் 30 சென்டிமீட்டர் அகலமே கொண்டவை. முனையை ஆவியில் வாட்டி மேல்நோக்கி வளைத்திருப்பார்கள். இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு, நுரைத்து வரும் அலைக்கு முன்னால் பாய்ந்து, நேராகக் கரைக்கு வருவதற்கு அந்த அகலம் போதும். உடையாத அலையின் சரிவில் குறுக்காக ஓடுவதற்கோ 45 முதல் 55 சென்டிமீட்டர் வரை அகலம் வேண்டும். அதிலும் மிக அகன்ற இடம் முழங்கைகள் பதியும் முன்பகுதியில் இருப்பது நல்லது. வால் அகன்றால் மெதுவான அலையிலும் இடுப்பு நீரிலிருந்து மேலெழும். ஆனால் பலகையைச் சாய்த்துத் திருப்புவது கடினமாகும். வால் குறுகினால் விளிம்பு சரிவில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் வலுவற்ற அலையில் கால்கள் நீரில் இழுபட்டு வேகத்தைக் கொன்றுவிடும். தாம் செல்லும் கடலின் அலை எத்தகையது என்பதைப் பார்த்துத்தான் இதை முடிவு செய்ய வேண்டும்.

பலகையின் கனத்தை, அதாவது தடிமனைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. பலகை ஆளைத் தாங்கி மிதக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். அரை சதுர மீட்டர் பரப்புள்ள 6 மில்லிமீட்டர் பிளைவுட் பலகையின் கன அளவு 3 லிட்டர். எடை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. அதை முழுவதும் அமிழ்த்தினாலும் கடல்நீர் கொடுக்கும் மிகுதியான தூக்குவிசை ஒன்றரைக் கிலோவுக்குமேல் இல்லை. அதே அளவிலான நுரைப்பலகை 5 சென்டிமீட்டர் கனத்தில் 20 லிட்டருக்குமேல் இடம் அடைத்துக்கொண்டு, ஏறத்தாழ அத்தனை கிலோவைத் தூக்கி நிறுத்தும். இவ்வளவு வித்தியாசம் இருந்தும், மெல்லிய மரப்பலகையை விரும்புவோர் ஏன் இருக்கிறார்கள்? அலை பிடிபட்டபின் தாங்குவது மிதப்பு அல்ல, வேகம். ஓடும் பலகையின் அடியில் நீர் கீழ்நோக்கித் தள்ளப்பட, அதன் எதிர்விசையே பலகையை மேலே நிறுத்துகிறது. அப்போது தடித்த விளிம்பு சரிவில் பதிய மறுத்து மேலே மேலே வருகிறது; மெல்லிய விளிம்போ நீருக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. அலையைப் பிடிப்பது கடினம், பிடித்தபின் ஓடுவது இனிது என்பது மரப்பலகையின் இயல்பு.

கனம் வேறொன்றையும் தீர்மானிக்கிறது. தகட்டின் விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்ப மாறுகிறது. 6 மில்லிமீட்டரிலிருந்து 9 மில்லிமீட்டருக்குப் போனால் எடை ஒன்றரை மடங்குதான் கூடும்; விறைப்போ மூன்று மடங்குக்கும் மேல் கூடிவிடும். மெல்லிய பலகையின் முனையைக் கையால் இழுத்து மேலே வளைக்க முடியும் என்பதால், செங்குத்தான அலையில் இறங்கும்போது ஓட்டுநரே அதன் வளைவை மாற்றிக்கொள்ளலாம். எடை மிகுந்தவருக்கு அதே பலகை துவண்டுபோகும். ஆகவே கனம் ஆளுக்கு ஆள் வேறுபட வேண்டும்.

கட்டுரையாளர் கவனிக்காமல் விட்டவற்றில் மிக முக்கியமானது முனையின் வளைவு. முற்றிலும் தட்டையான பலகை, அலையின் சரிவிலிருந்து அடியில் உள்ள சமநீருக்கு வரும் இடத்தில் முனையை நீருக்குள் செலுத்திவிடும். பின்னாலிருந்து வரும் முழு விசையோடும் ஆள் அங்கேயே நின்றுபோவார். முன்புறத்தின் கடைசி 20 முதல் 25 சென்டிமீட்டருக்குள் முனை 3 முதல் 5 சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால் பெரும்பாலும் போதுமானது. அளவுக்கு மீறி உயர்ந்தால் அது நீரை முன்னே தள்ளிக்கொண்டு போகும்.

இந்த வளைவை உண்டாக்க நான் சிறந்ததாகக் கருதும் வழி, 3 மில்லிமீட்டர் பிளைவுட் தகடுகளை எபாக்சி என்னும் ரெசின் பசையைத் தடவி, வளைந்த அச்சின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அழுத்துவதுதான். அச்சிலிருந்து எடுத்ததும் பலகை சற்றே நிமிரும். இரண்டு தகடுகளை ஒட்டினால் கொடுத்த வளைவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கும், மூன்று தகடுகளை ஒட்டினால் ஒன்பதில் ஒரு பங்கும் திரும்பிவிடும் என்று கொள்ளலாம். 4 சென்டிமீட்டர் உயர்வு வேண்டுமானால் மூன்று தகடுகளுக்கு அச்சை நாலரை சென்டிமீட்டராக அமைக்க வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் கணக்கு. வெளித்தகடுகளின் மர ரேகை பலகையின் நீளவாட்டில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் முனை வளைவது எளிதாக இருக்கும், ஆனால் நடுவில் முறியும்.

அடிப்பரப்பில் மேலோட்டமான குழிவு வைப்பது நல்ல பழக்கம். நடுவில் 6 முதல் 10 மில்லிமீட்டர் ஆழம் போதும். நீரை ஒழுங்குபடுத்துவதோடு, தகரக் கூரைக்கு நெளிவு கொடுக்கும் உறுதியைப் போல, மெல்லிய பலகைக்கு அது விறைப்பையும் தருகிறது. ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பிளைவுட் ஒரே இடத்தில் இரு திசைகளிலும் வளைய மறுக்கும் பொருள்; வற்புறுத்தினால் விளிம்பில் சுருங்கும் அல்லது உள்தகடு பிளக்கும். எனவே முனையின் வளைவு தொடங்கும் இடத்துக்குள் குழிவு மெல்ல மறைந்துவிட வேண்டும். அந்த இடைப்பகுதியை எங்கே வைப்பது, எத்தனை நீளத்துக்கு வைப்பது என்பதில்தான் ஒரு பலகை செய்பவரின் திறமை வெளிப்படுகிறது என்பேன்.

விளிம்பு வேலையில் அவசரம் கூடாது. முன்பக்க மூன்றில் இரண்டு பங்கு நீளத்துக்கு அடிவிளிம்பு உருண்டிருக்க வேண்டும்; வாலை நெருங்கும் கடைசி 30 சென்டிமீட்டரில் அது கூராக வேண்டும். உருண்ட விளிம்பை நீர் தழுவிக்கொண்டு மேலேறும். அதனால் பலகை சரிவில் ஒட்டி நிற்கும். கூரான விளிம்பிலிருந்து நீர் அறுபட்டு வெளியேறும்; அதனால் வேகம் கிடைக்கும். 9 மில்லிமீட்டர் கனத்துக்குள் இந்த மாற்றத்தைச் செய்வதற்கு இழைப்புளியைவிட அரமும் உப்புத்தாளும் ஏற்றவை. கண்ணை மூடிக்கொண்டு விரல்நுனியை முன்னிருந்து பின்னுக்கு ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடும் பள்ளமும் விரலுக்குத் தெரியும். வலப்புறத்தையும் இடப்புறத்தையும் இப்படி ஒப்பிட்டபின்பே நான் அடுத்த வேலைக்குப் போவேன்.

மரத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் தண்ணீரிலிருந்து காப்பதிலும் செய்யும் சிக்கனம் பலகையை ஒரே பருவத்தில் அழித்துவிடும். படகு கட்டப் பயன்படும் மரைன் பிளைவுட்டின் சிறப்பு அதன் பசை நீரைத் தாங்கும் என்பதோடு முடிவதில்லை. உள்தகடுகளுக்கிடையே வெற்றிடம் இல்லை என்பதும் அதே அளவு முக்கியம். ஒரு சிறு வெற்றிடம் போதும், விளிம்பில் புகுந்த கடல்நீர் அங்கே தங்கி அழுகலைத் தொடங்கிவிடும். அறுபட்ட விளிம்பில் எபாக்சியை ஊறவிடுவதற்கு எளிய வழி ஒன்று உண்டு. பலகையை முதலில் இளஞ்சூட்டுக்குக் கொண்டுவந்து, பின்னர் நிழலுக்கு மாற்றி, அது குளிரத் தொடங்கும்போது பூச வேண்டும். மரத்துக்குள் இருக்கும் காற்று சுருங்கும்போது ரெசினையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். மாறாக, மரம் சூடேறிக்கொண்டிருக்கும் வேளையில் பூசினால் உள்ளிருந்து காற்று வெளியேறி, பூச்சு முழுவதும் குமிழிகளாகும்.

பிளைவுட்டைத் தவிர்க்க விரும்புவோருக்குப் பவுலோனியா மரம் இருக்கிறது. எடை குறைந்த, கடல்நீரை எளிதில் உறிஞ்சாத இம்மரத்தைக் கொண்டு, ஹொனலுலுவின் பிஷப் அருங்காட்சியகத்திலுள்ள பழைய ஹவாய்ப் பலகைகளை முன்மாதிரியாக வைத்து, ஆஸ்திரேலியாவில் டாம் வெகெனர் 2000-களின் நடுப்பகுதியில் அலாயா எனப்படும் மெல்லிய, அடித்துடுப்பில்லாத மரப்பலகைகளுக்குப் புத்துயிர் அளித்தார். இதற்கு ரெசின் பூச்சுக்கூட வேண்டியதில்லை. ஆளிவிதை எண்ணெய் போதும். அந்த எண்ணெய் தோய்ந்த துணிகளைக் கசக்கி மூலையில் போட்டுவிடக் கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். காயும்போது அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியவை. விரித்து உலர்த்த வேண்டும், அல்லது நீரில் அமிழ்த்தி வைக்க வேண்டும்.

நுரையில் செய்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. தெர்மோகோல் வகை நுரையின் மேல் பாலியஸ்டர் ரெசினை ஊற்றினால், அதிலுள்ள ஸ்டைரீன் நுரையைக் கரைத்துவிடும். அதற்கு எபாக்சியே பொருந்தும். எபாக்சியும் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் நிரந்தர ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது என்பதால் கையுறை கட்டாயம். தேய்க்கும்போது எழும் தூசிக்குத் தகுந்த சுவாசக் கவசமும் அப்படியே.

அடித்துடுப்புகள் பொருத்துவதா வேண்டாமா என்பதில் செய்பவர்களிடையே நெடுநாளாக வாதம் உண்டு. மெல்லிய விளிம்பும் குழிவும் சரியாக அமைந்த பலகைக்கு அவை தேவையில்லை என்பது என் கருத்து. ஆழம் குறைந்த இடத்தில் மணலில் இடறி நிற்பதைத் தவிர அங்கே அவற்றால் பெரிய பயன் கிடைப்பதில்லை.

பாதுகாப்பைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லாதது வருத்தம் தந்தது. மரப்பலகையின் முனை மணலில் குத்தி நின்றால் அதன் வால்விளிம்பு வயிற்றில் இடிக்கும்; ஆகவே முனையைப் போலவே வாலின் மேல்விளிம்பும் நன்கு உருட்டப்பட்டிருக்க வேண்டும். கரையை ஒட்டித் திடீரென மடிந்து விழும் அலைகளில் தலைகுப்புற விழுந்து கழுத்தெலும்பு முறிவது நின்று சறுக்குபவருக்கும் படுத்துச் சறுக்குபவருக்கும் பொதுவான ஆபத்து. படுத்திருப்பவரின் தலை முன்னால் இருப்பதால் அவர் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். விழும்போது ஒரு கையையேனும் தலைக்கு முன்னே நீட்டிக்கொள்ளப் பழக வேண்டும். ஒருவர் பலகையோடு வரும் பாதையில் குளிப்பவர்கள் இருந்தால் அந்த அலையை விட்டுவிடுவதே முறை.

ஆசிரியர் அவர்களே, இளைஞர்கள் தம் கையால் செய்து பார்க்கக்கூடிய பொருள்களைப் பற்றித் தங்கள் இணைப்பில் அவ்வப்போது செய்முறைப் பக்கம் வருவதைப் பார்க்கிறேன். அப்பக்கத்தில் பெல்லிபோர்டுக்கு ஒருமுறை இடம் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அவ்வாறு வெளியிடும்போது, மேலிருந்து பார்க்கும் வெளிக்கோட்டுப் படத்தோடு நிறுத்திவிட வேண்டாம். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் தெரியும் முனை வளைவும், முன், நடு, வால் ஆகிய மூன்று இடங்களில் எடுத்த குறுக்குவெட்டுகளும், உண்மையான அளவில், எந்த எடையுள்ளவருக்கு எந்தக் கனம் என்ற குறிப்போடு இடம்பெற வேண்டும். வெளிக்கோட்டை எந்தப் பலகையைக் கண்டும் வரைந்துகொள்ளலாம்; மற்றவை அச்சிட்ட வடிவில் கிடைப்பது அரிது. வரைபடங்களை ஆயத்தம் செய்து தருவதற்கு நான் அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நீண்டகால வாசகன்